தொட்டுக்கொள்ளவா, தனிச் சாப்பாடா? ஃபேன்டசி தொடர்களின் துணைக்கதைகள்

கேள்வி இதுதான்: "பெரிய ஃபேன்டசி தொடர் ஒன்றின் நாவல்களை எல்லாம் முடித்துவிட்டேன். அதே உலகத்தில் நடக்கும் சிறுகதைகள், குறுநாவல்கள் என்று இன்னும் நாலைந்து புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைப் படிக்காவிட்டால் எதையாவது இழப்பேனா? படிப்பதென்றால் எந்த வரிசையில்? இல்லை, வாசகனிடம் இன்னும் கொஞ்சம் காசு பார்க்கிற வேலைதானா அது?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் சந்தேகம் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆமாம், காசு பார்க்கிற வேலையும் உண்டு. ஆனால் காசுக்காக எழுதியது என்பதை மட்டும் வைத்து ஒதுக்கினால் நல்ல சரக்கு நிறையக் கைநழுவிப் போகும். 1998-ல் ராபர்ட் சில்வர்பெர்க் 'லெஜண்ட்ஸ்' என்று ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே பெயர் பெற்ற தொடர்களின் ஆசிரியர்கள் அவரவர் உலகத்தில் ஆளுக்கொரு குறுநாவல் எழுதித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. பதினொரு பேர் எழுதினார்கள். ராபர்ட் ஜோர்டனுக்காக வாங்குகிறவர் அப்படியே டெர்ரி பிராட்செட்டையும் ருசி பார்ப்பார், பிராட்செட்டுக்காக வந்தவர் ஸ்டீபன் கிங்கையும் புரட்டுவார். வியாபாரக் கணக்குதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'தி ஹெட்ஜ் நைட்' முதன்முதலில் வெளியானது அந்தப் புத்தகத்தில்தான். உர்சுலா லெ குவினின் 'டிராகன்ஃபிளை'யும் அதில்தான் வந்தது. அந்த இரண்டு பேரும் தங்கள் உலகத்தைப் பற்றி எழுதியவற்றில் நான் திரும்பத் திரும்பப் போகிற கதைகள் இவை.

அதே தொகுப்பில் ஜோர்டன் எழுதியது 'நியூ ஸ்பிரிங்'. அவருடைய 'தி வீல் ஆஃப் டைம்' தொடரில் வரும் மொய்ரைனும் லானும் முதலில் எப்படிச் சந்தித்தார்கள் என்பது கதை. பிறகு அதையே நீட்டி 2004-ல் தனி நாவலாக்கினார். பத்தாம் பாகம் 2003-ல் வந்திருந்தது. வாசகர்கள் பதினொன்றாம் பாகத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். அது வந்தது 2005-ல். நடுவில் இது வந்தால் எரிச்சல் வராமல் இருக்குமா? மோசமான புத்தகம் இல்லை. ஆனால் இருவரும் கடைசியில் கூட்டுச் சேரப்போகிறார்கள் என்பது முதல் பாகத்தைப் படித்த எவருக்கும் தெரியும். தெரிந்த ஊருக்குத் தெரிந்த வழியில் போகிற பஸ் அது. சன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

அதனால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கதையைப் படித்த பிறகு, நாவலில் ஏற்கெனவே கடந்து வந்த ஒரு வரி எனக்கு வேறு மாதிரி கேட்கிறதா? கேட்டால் அந்தக் கதை தன் வேலையைச் செய்துவிட்டது. நாவல் சொல்லாமல் விட்டதைச் சொல்லி நிரப்புவது மட்டும்தான் அதன் வேலை என்றால், அவசரமே இல்லை, மழைநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். லெ குவினின் எர்த்சீ நாவல்களில் முதலாவது 1968-ல் வந்த 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'. அதில் கெட் என்ற சிறுவனைச் சீடனாக ஏற்கும் ஓகியன் என்ற மந்திரவாதியைப் பற்றி இரண்டு சேதி சொல்லப்படும்: அதிகம் பேசமாட்டார், நிலநடுக்கத்தை அடக்கியவர். அந்த நிலநடுக்கம் என்ன ஏது என்று நாவல் விளக்குவதில்லை. பெரிய மனிதரின் பெயருக்கு முன்னால் போடும் பட்டம் போல அது வந்து போகும். முப்பத்து மூன்று வருடம் கழித்து, 2001-ல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' தொகுப்பில் 'தி போன்ஸ் ஆஃப் தி எர்த்' என்று ஒரு கதை இருக்கிறது. அதன் நாயகன் ஓகியன் இல்லை, அவருடைய குரு. மலையில் தனியாக வாழும் டல்ஸ் என்ற கிழவர். நிலம் அசையப்போகிறது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. சீடன் கீழே துறைமுகத்தில் நிற்க, குரு தன் ஆசிரியரிடம் கற்ற பழைய மந்திரம் ஒன்றைச் சொல்லி மலைக்குள்ளேயே கலந்துபோகிறார். திரும்பி வருவதில்லை. ஊர்க்கண்ணில் பட்டவன் கீழே நின்றவன்தான். புகழும் அவனுக்கே போகிறது. என் குருதான் செய்தார் என்று அவன் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை.

இப்போது முதல் நாவலுக்குத் திரும்பிப் போய், 'நிலநடுக்கத்தை அடக்கியவர்' என்ற பட்டத்தைப் படித்துப் பாருங்கள். ஊர் போற்றும் ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் ஏன் வாய் திறக்காமல் இருந்திருப்பார் என்று யோசனை ஓடும். 'அதிகம் பேசமாட்டார்' என்பதும் கூடவே மாறிவிடுகிறது. சிறுவனாக இருந்தபோது அவருக்கு 'மௌனம்' என்று செல்லப்பெயர் வைத்தவரே அந்தக் கிழவர்தான். 1968-ல் எழுதிய பக்கத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நான்தான் வேறு ஆளாகிப் படிக்கிறேன்.

எர்த்சீயை விடமாட்டேன், இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'துணைக்கதை' என்ற பெயரே அங்கே பொருந்தாது. நாவல்கள் முதலில் வந்தன, கதைகள் பின்னால் ஒட்டிக்கொண்டன என்றுதான் நாம் நினைக்கிறோம். நடந்தது தலைகீழ். 1964-ல் 'ஃபென்டாஸ்டிக்' என்ற பத்திரிகையில் லெ குவின் இரண்டு சிறுகதைகள் எழுதினார்: ஜனவரியில் 'தி வேர்ட் ஆஃப் அன்பைண்டிங்', ஏப்ரலில் 'தி ரூல் ஆஃப் நேம்ஸ்'. அப்போது எர்த்சீ என்ற திட்டம் எதுவும் அவரிடம் இல்லை. தீவுகள், மந்திரவாதிகள், உண்மைப் பெயர் தெரிந்தால் அந்தப் பொருள் உன் வசம் என்ற விதி, செத்தவர்கள் நடமாடும் இருண்ட நிலம் எல்லாம் இந்த இரண்டு கதைகளிலேயே அரைகுறையாகக் கிடக்கின்றன. முதல் கதையில் ட்ரோல் என்ற பூதங்கள்கூட வரும். பின்னால் வந்த நாவல்களில் அந்தப் பூதங்களைக் காணவில்லை. உலகம் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது, எது நிலைக்கும் எது உதிரும் என்று எழுதியவருக்கே தெரியாது.

'தி ரூல் ஆஃப் நேம்ஸ்' ஒரு வேடிக்கைக் கதை. முடிவைச் சொல்வது பாவம்தான், ஆனால் அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் மன்னிப்பு உண்டு. சின்னத் தீவு ஒன்றில் அண்டர்ஹில் என்று குண்டான, கையாலாகாத மந்திரவாதி ஒருவர் இருக்கிறார். அவர் வைத்தியம் பார்த்த மரு மூன்று நாளில் திரும்ப வந்துவிடும் என்கிற அளவுக்குத் திறமை. வெளியூரிலிருந்து கருந்தாடிக்காரன் ஒருவன் புதையலைத் தேடி வருகிறான். அண்டர்ஹில்லின் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். உண்மைப் பெயரைச் சொன்னால் எதிராளி தன் உண்மை உருவத்துக்கு வந்தே தீர வேண்டும். சொல்கிறான். அண்டர்ஹில்லின் உண்மை உருவம் டிராகன். கருந்தாடிக்காரனின் கதை அதோடு முடிந்தது.

அந்த டிராகனின் பெயர் யேவாட். நான்கு வருடம் கழித்து வந்த முதல் நாவலில் இளைஞன் கெட் தனியாகப் படகில் போய் டிராகனோடு பேரம் பேசும் காட்சி ஒன்று உண்டு. தொடரின் பெரிய காட்சிகளில் ஒன்று. அவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தப் பெயர். இரண்டையும் படித்தவனுக்கு, கெட் 'யேவாட்' என்று சொல்லும் இடத்தில் அண்டர்ஹில்லின் தொப்பை ஒரு கணம் கண்ணில் வந்து போகும். வெறும் நாவல் வாசகனுக்கு அந்தச் சிரிப்பு கிடைக்காது.

நாவல் எப்படி வந்தது என்பதும் சுவாரசியம். 1967-ல் பெர்க்லியில் பர்னாசஸ் என்ற சிறிய பதிப்பகத்தை நடத்தியவர், பதின்வயதினருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார். கதைகளில் மந்திரவாதி என்றால் எப்போதும் நரைத்த தாடியோடுதான் வருகிறார், அவர் சிறுவனாக இருந்தபோது எங்கே போய் இதைக் கற்றார் என்று யோசித்தேன் என லெ குவின் சொல்லியிருக்கிறார். இடம் கைவசம் இருந்தது, அந்த இரண்டு கதைகளின் தீவுகள். ஆக, நாவல்தான் சிறுகதைகளின் விரிவாக்கம்.

அப்புறம் 'டெஹானு'வுக்கு வருவோம். 1990-ல் வந்த அந்த நான்காம் நாவலுக்கு 'எர்த்சீயின் கடைசிப் புத்தகம்' என்று துணைத்தலைப்பே கொடுத்தார். பதினொரு வருடம் கழித்து, ஒரே ஆண்டில், 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' தொகுப்பும் 'தி அதர் விண்ட்' நாவலும் வந்தன. எழுத்தாளர்கள் 'கடைசி' என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தொகுப்பில் இருக்கும் 'டிராகன்ஃபிளை'தான் 'டெஹானு'வுக்கும் 'தி அதர் விண்ட்'டுக்கும் நடுவில் இருக்கும் பாலம். ரோக் தீவின் மந்திரப் பள்ளி ஆண்களுக்கு மட்டுமானது. அதன் வாசலில் இரியன் என்ற பெண் போய் நிற்கிறாள். அவள் யார் என்பது கடைசியில் தெரியும். தொகுப்பைத் தாண்டிக் குதித்து நேராகக் கடைசி நாவலுக்குப் போனவர்கள், இரியன் அங்கே வந்து இறங்கும்போது இவள் எங்கிருந்து முளைத்தாள் என்று விழிப்பார்கள். ஆறு புத்தகத் தொடரின் ஐந்தாம் புத்தகம் சிறுகதைத் தொகுப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வதுதான் சரி.

தொகுப்பின் முதல் கதை 'தி ஃபைண்டர்' ஒரு குறுநாவல். முதல் நாவலில் கெட்டின் ஊரில் ஒரு சொலவடை வரும்: பெண்கள் மந்திரம் வலுவற்றது, பெண்கள் மந்திரம் பொல்லாதது என்று. 1968-ல் அது அந்த உலகத்தின் இயல்பு போலக் கடந்துபோனது. 'தி ஃபைண்டர்' கெட்டின் காலத்துக்குப் பல தலைமுறை முந்தையது. அதில் பாதரசக் கனிமத்தைத் தோண்டி உருக்கும் சுரங்கம் ஒன்று வரும். அந்தப் புகையில் நுரையீரல் அரித்துச் சாகும் அடிமைப்பெண் அனியப், அங்கே வேலைக்குப் பிடித்துவரப்பட்ட இளைஞனிடம் தன் உண்மைப் பெயரைக் கொடுக்கிறாள். அவளால் தப்பித்த அவன் போய்ச் சேரும் இடம் ரோக். அந்தப் பள்ளியைத் தொடங்கியதிலேயே பெண்களுக்குப் பெரிய பங்கு இருந்தது, பிறகுதான் வெளியே தள்ளப்பட்டார்கள் என்று இந்தக் கதையில் தெரிகிறது. தான் முப்பது வருடம் முன்பு எழுதிய உலகத்தின் மீது ஒரு எழுத்தாளர் தானே போட்ட வழக்கு என்று இதைச் சொல்வேன். பழைய நாவலைத் திருத்தி எழுதவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட வரலாறு வென்றவர்கள் எழுதியது என்று கதைக்குள்ளிருந்தே சொல்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது இவை எதுவும் இல்லை, 'ஆன் தி ஹை மார்ஷ்'. மாடுகளுக்குக் கொள்ளைநோய் வந்த ஒரு சதுப்பு நிலத்து ஊருக்கு, மனம் உடைந்த ஒருவன் நடந்து வருகிறான். மாட்டு வைத்தியம் பார்ப்பான். விதவை ஒருத்தி தங்க இடம் கொடுக்கிறாள். பிறகு அவனைத் தேடி இன்னொருவர் வருகிறார், அவர்தான் கெட், அப்போது மந்திரவாதிகளுக்கெல்லாம் தலைவர். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அவர் யாரோ ஒரு வழிப்போக்கர். நாவல்களில் கெட்டின் தோளுக்குப் பின்னால் நின்று உலகத்தைப் பார்த்த நாம், இங்கே ஒரு அடுப்படியில் உட்கார்ந்து கெட்டைப் பார்க்கிறோம். டிராகன் இல்லை, போர் இல்லை. மாடு பிழைக்குமா என்பதுதான் பிரச்சினை.

(ஒரு எச்சரிக்கை: 2006-ல் ஜப்பானின் ஸ்டுடியோ கிப்லி எடுத்த அனிமேஷன் படத்துக்கும் ஆங்கிலத்தில் இதே 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ'தான் பெயர். அது இந்தக் கதைகளின் படமாக்கம் அல்ல, பெரும்பாலும் மூன்றாம் நாவலிலிருந்து எடுத்தது. படத்தைப் பார்த்துவிட்டுத் தொகுப்பைப் படித்ததாகக் கணக்கு வைத்துவிடாதீர்கள்.)

சரி, மார்ட்டினுக்கு வருவோம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற பெயரில் உலகம் அறிந்த தொடரின் முதல் நாவல் வந்தது 1996-ல். 'தி ஹெட்ஜ் நைட்' 1998-ல், இரண்டாம் நாவல் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு. அந்த உலகம் இவ்வளவு பெரிதாகப் போகிறது என்று வாசகர்களுக்குத் தெரியாத காலத்திலேயே, அவர் சுமார் தொண்ணூறு வருடம் பின்னால் போய், டங்க் என்ற நெட்டையான ஏழை வீரனையும் எக் என்ற மொட்டைத்தலைச் சிறுவனையும் ஊர் ஊராக நடக்கவிட்டார். இரண்டாம் கதை 'தி ஸ்வார்ன் ஸ்வோர்ட்' 2003-ல், மூன்றாவது 'தி மிஸ்டரி நைட்' 2010-ல். மூன்றையும் சேர்த்து, கேரி ஜியான்னியின் ஓவியங்களோடு, 2015-ல் 'எ நைட் ஆஃப் தி செவன் கிங்டம்ஸ்' என்று ஒரே புத்தகமாக்கினார்கள்.

இந்தக் கதைகளின் பலம் அளவில் இருக்கிறது. பெரிய நாவல்களில் ராஜ்யம் கவிழும். இங்கே இரண்டாம் கதையின் தகராறு என்ன தெரியுமா? ஓடைத் தண்ணீர். மழை பொய்த்த வருடம், மேல்மடைக்காரி அணை போட்டுத் தண்ணீரை மறித்துவிட்டாள், கீழ்மடைக் கிழவரின் பயிர் காய்கிறது. டங்க் அந்தக் கிழவரிடம் சம்பளத்துக்கு இருக்கும் வீரன். நம்மூரில் எந்த வாய்க்காலிலும் நடக்கக்கூடிய சண்டை இது. தோண்டத் தோண்டத்தான் தெரியும், பதினைந்து வருடம் முன்பு நடந்த உள்நாட்டுப் போரில் கிழவர் தோற்ற பக்கம் நின்றவர், பிள்ளைகளை அங்கேதான் பறிகொடுத்தார். அந்தப் போரைப் பற்றிப் பெரிய நாவல்களில் ஓரிரு வரிகள்தான் வரும். மன்னர்கள் பெயரும் வருடமும் மட்டும் இருக்கும் அந்த வரிகளுக்குள் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை இருந்திருக்கும் என்பதை ஒரு காய்ந்த ஓடையை வைத்துக் காட்டிவிடுகிறார்.

என் அளவுகோலுக்கும் இவை தேறும், ஒன்றுக்கு இரண்டாக. 'தி ஹெட்ஜ் நைட்'டில் பொம்மலாட்டக்காரி ஒருத்தி டங்க்கின் கேடயத்தில் ஒரு மரத்தையும் விழும் நட்சத்திரத்தையும் வரைந்து தருகிறாள். 2005-ல் வந்த நான்காம் நாவலில் பிரையன் என்ற வீராங்கனை தன் கேடயத்துக்கு வேறு படம் போட விரும்புகிறாள். சின்ன வயதில் அப்பாவின் ஆயுதசாலையில் பார்த்த பழைய கேடயம் ஒன்று அவளுக்கு நினைவு வருகிறது. மரமும் விழும் நட்சத்திரமும். நாவல் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை. குறுநாவலைப் படித்தவன் மட்டும் நிமிர்ந்து உட்காருவான். அவள் டங்க்கின் வழிவந்தவள்தான் என்று மார்ட்டின் பிற்பாடு சொன்னார்; அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

இன்னொன்று அதே நாவலில் வரும் எய்மன். நூறு வயதைத் தாண்டிய, கண் தெரியாத மேஸ்டர், அதாவது அந்த உலகத்தின் வைத்தியரும் அறிஞருமானவர். காய்ச்சலில் படுத்துக்கொண்டு, எப்போதோ இறந்துபோன தம்பியைப் பெயர் சொல்லி அழைக்கிறார். எக் என்று. நாவலை மட்டும் படித்தவருக்கு அது ஒரு கிழவரின் பிதற்றல், மிஞ்சினால் ஒரு பழைய அரசனின் செல்லப்பெயர். குறுநாவல்களைப் படித்தவருக்கு எக் யார்? டங்க்கோடு கழுதை... இல்லை, கோவேறு கழுதையில் ஊர் சுற்றிய, வாய்த்துடுக்குள்ள, தலையை மழித்துத் தன் அரச வம்சத்து முடியை மறைத்துக்கொண்ட பையன். அந்த இடத்தில் என்னால் அடுத்த பக்கத்துக்கு உடனே போக முடியவில்லை.

இதனால்தான் மார்ட்டின் வாசகர்களுக்கு நான் சொல்வது: முதல் மூன்று நாவல்களை முடித்துவிட்டு, நான்காவதைத் தொடும் முன் டங்க்-எக் கதைகளைப் படியுங்கள். ஐந்தையும் முடித்தவர்கள் இப்போது படித்தாலும் நஷ்டமில்லை. ஆறாம் நாவல்தான் இன்னும் வரவில்லையே, நேரம் நிறைய இருக்கிறது.

வரிசை என்றதும் போலந்து எழுத்தாளர் ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கியின் 'விட்சர்' தொடரைச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் நானே அதில் இடறி விழுந்தவன். யாரோ நாவல்தான் முக்கியம் என்று சொன்னதைக் கேட்டு நேராக முதல் நாவலான 'பிளட் ஆஃப் எல்வ்ஸ்'ஸைத் திறந்தேன். ஜெரால்ட் என்ற அரக்க வேட்டைக்காரனும் சிரி என்ற சிறுமியும் அப்பா-மகள் போல இருக்கிறார்கள். இவள் இவனுக்கு எப்படிக் கிடைத்தாள், ஏன் இவ்வளவு பாசம், யெனிஃபர் யார், அவளுக்கும் இவனுக்கும் என்ன பிணக்கு, ஒன்றும் புரியவில்லை. கல்யாண வீட்டுக்குப் பந்தியில் மோர் ஊற்றும் நேரத்தில் போய்ச் சேர்ந்த மாதிரி இருந்தது.

விஷயம் என்னவென்றால் விட்சர் பிறந்ததே சிறுகதையாக. 'ஃபான்டாஸ்டிகா' என்ற போலந்துப் பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்கு அனுப்பி மூன்றாம் பரிசு பெற்ற கதை, 1986 டிசம்பரில் அந்தப் பத்திரிகையில் வெளியானது. அதற்குக் கிடைத்த வரவேற்பில் வரிசையாகக் கதைகள் எழுதினார். நாவல்கள் 1994-ல்தான் தொடங்கின. சிரி பிறப்பதற்கு முன்பே ஜெரால்டோடு அவள் விதி முடிச்சுப் போடப்பட்டது 'தி லாஸ்ட் விஷ்' தொகுப்பில். இருவரும் முதலில் சந்திப்பது, பிரோகிலான் காட்டில், 'ஸ்வோர்ட் ஆஃப் டெஸ்டினி' தொகுப்பில். அந்தத் தொகுப்பின் கடைசிக் கதையின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டிப்பிடிப்பு இருக்கிறது, ஐந்து நாவல்களும் அதன் மேல்தான் நிற்கின்றன.

போலந்து வாசகர்களுக்கு இதில் குழப்பமே வரவில்லை, வந்த வரிசையில் படித்தார்கள். குழப்பியது ஆங்கில மொழிபெயர்ப்பு வரிசை. 'தி லாஸ்ட் விஷ்' 2007-ல் வந்தது. அடுத்து வர வேண்டிய 'ஸ்வோர்ட் ஆஃப் டெஸ்டினி'யை விட்டுவிட்டு நாவல்களுக்குத் தாவினார்கள். மூன்று நாவல்கள் வந்த பிறகு, 2015-ல்தான் அந்தத் தொகுப்பு ஆங்கிலத்துக்கு வந்தது. சிறுகதைத் தொகுப்புதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். அந்த நினைப்புதான் உங்கள் கேள்வியிலும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். விட்சரில் கதைகள்தான் அஸ்திவாரம். என் ரசனையைக் கேட்டால், நாவல்களைவிடக் கதைகளே மேல்.

சப்கோவ்ஸ்கியிடம் இன்னொரு வகையும் உண்டு. நண்பர்களின் திருமணத்துக்குப் பரிசாக, ஜெரால்டுக்கும் யெனிஃபருக்கும் கல்யாணம் நடப்பதாக ஒரு கதை எழுதினார். இது தொடரின் முடிவு அல்ல, விளையாட்டு என்று அவரே தெளிவுபடுத்தியும் அதை வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுத்தாளரே எழுதினாலும் எல்லாக் கதையும் கணக்கில் சேராது.

இதற்கு நேர் எதிர்முனை பிராண்டன் சாண்டர்சன். அவரிடம் கணக்கில் சேராதது எதுவுமே இல்லை. அவருடைய பல தொடர்கள் ஒரே பிரபஞ்சத்தில் நடப்பவை என்பதால், ஒரு கதையில் ஓரமாக நிற்கும் ஆள் வேறொரு தொடரில் பெரிய ஆளாக இருப்பான். 'எட்ஜ்டான்சர்' அவருடைய பெரிய தொடரின் இரண்டாம், மூன்றாம் நாவல்களுக்கு நடுவில் வருவது. 'டான்ஷார்ட்' மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். வாசகர் தளங்களில் இப்படிப்பட்டவற்றுக்கு 2.5, 3.5 என்று அரை எண் போடுவார்கள். படிக்காமல் போனால் அடுத்த நாவலில் ஒரு பாத்திரம் எங்கிருந்தோ புதுத் திறமையோடு வந்து நிற்கும். இது கொஞ்சம் வீட்டுப்பாடம் மாதிரி எனக்குப் படுகிறது. நாவலுக்குள் இருந்திருக்க வேண்டியதை வெளியே எடுத்துத் தனியாக விற்கிறார்களோ என்ற உங்கள் சந்தேகம் மிக நியாயமாகப் பொருந்துவது இங்கேதான். ஆனால் அவரே எழுதிய 'தி எம்பரர்ஸ் சோல்' என்ற குறுநாவல் தனி ரகம். அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டசிக்கும் தரும் ஹ்யூகோ விருதை 2013-ல் பெற்றது. பொருள்களின் கடந்தகாலத்தைப் போலியாக எழுதி அவற்றையே மாற்றக்கூடிய ஒருத்தியைச் சிறையில் வைத்து, நினைவிழந்த அரசனுக்கு ஒரு புது ஆன்மா செய்து தரச் சொல்கிறார்கள். 'எலான்ட்ரிஸ்' நாவலின் உலகத்திலேயே நடக்கிறது, ஆனால் அந்த நாவலை நீங்கள் தொட்டிருக்கவே வேண்டாம். நளன் கதை காட்டில் தருமனுக்குச் சொல்லப்படும் கிளைக்கதைதான், ஆனாலும் நளவெண்பாவைப் படிக்கப் பாரதம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை அல்லவா, அந்த மாதிரி.

சுசானா கிளார்க்கை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: 'தி லேடீஸ் ஆஃப் கிரேஸ் அடியூ' என்ற கதை 1996-ல் வந்தது, அதே உலகத்தைச் சேர்ந்த அவருடைய பெரிய நாவல் 2004-ல். நாவலில் ஆண் மந்திரவாதிகள் ஆளுக்கு ஆள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, கதையில் மூன்று பெண்கள் சத்தமில்லாமல் காரியத்தை முடித்துவிடுகிறார்கள்.

இனி நடைமுறை. எந்தத் தொடர் என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். எழுத்தாளர் எந்த வரிசையில் வெளியிட்டாரோ அதே வரிசையில் படியுங்கள். கதைக்குள் நடக்கும் காலவரிசையை நம்பாதீர்கள். 'முன்கதை' என்று போட்டிருப்பதாலேயே முதலில் படிக்க வேண்டும் என்றில்லை. பெரும்பாலான முன்கதைகள், வாசகனுக்குப் பின்கதை தெரியும் என்ற தைரியத்தில்தான் எழுதப்படுகின்றன. 'தி ஃபைண்டர்' மற்ற எர்த்சீ நாவல்களுக்கு எல்லாம் முந்தைய காலம், ஆனால் அதை முதலில் படித்தால் ரோக் பள்ளியின் மூடிய கதவை நீங்கள் பார்த்தே இருக்கமாட்டீர்கள். பிறகு அந்தக் கதவு ஒரு காலத்தில் திறந்திருந்தது என்பதில் என்ன அதிர்ச்சி இருக்கும்? மூலமொழி வேறு என்றால் மொழிபெயர்ப்பு வந்த வருடத்தைப் பார்க்காமல் மூலம் வந்த வருடத்தைப் பாருங்கள், நான் விழுந்த குழியில் விழமாட்டீர்கள்.

காசு விஷயம்: ஒற்றைக் குறுநாவலை ஒரு முழுப் புத்தக விலைக்கு மின்நூலாக வாங்காதீர்கள். பேர் சொல்லும் கதைகள் எல்லாம் சில வருடத்தில் தொகுப்பாக வந்துவிடுகின்றன. டங்க்-எக் கதைகளுக்காக ஒரு காலத்தில் மூன்று வெவ்வேறு தொகுப்பு நூல்களை வாங்க வேண்டியிருந்தது, இப்போது ஒன்று போதும். தொகுப்பு கையில் வந்ததும் நேராக முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றும் இல்லை. நாவலின் நாயகன் பெயர் எங்கேயும் தென்படாத கதையாகப் பார்த்து அதை முதலில் படித்துப் பாருங்கள். அது பிடித்தால் அந்த உலகமே உங்களுக்குப் பிடித்திருக்கிறது, மற்றதையும் படிக்கலாம். பிடிக்கவில்லை என்றால் உங்களுக்குப் பிடித்தது அந்த நாயகனைத்தான், நாவல்களோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒன்றும் குறையில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு எர்த்சீ பக்கம் போவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். லெ குவின் 2018 ஜனவரியில் இறந்தார். அந்த ஆண்டிலேயே 'தி பாரிஸ் ரிவ்யூ'வில் 'ஃபயர்லைட்' என்று அவருடைய சின்னஞ்சிறு கதை ஒன்று வெளியானது. கெட் கிழவராகி, கோண்ட் தீவில் தன் வீட்டில், அடுப்பு வெளிச்சத்தில் படுத்திருக்கிறார். தன் பழைய படகை நினைத்துக்கொள்கிறார். 1964-லிருந்து தொடங்கி மற்ற எல்லாவற்றையும் நான் சொன்ன வரிசையை மீறிக் கலைத்துப் படித்தாலும் பரவாயில்லை, அதை மட்டும் கடைசிக்கு வையுங்கள்.